வலிக்காத கால்

முத்துராமன் செட்டியாரின் உடம்பைத் தேற்றிக் கொடுக்க வேண்டும் என்று கோட்டையூரிலிருந்து ஆள் வந்தபோது வீரணன் முதலில் நம்பவில்லை. பெரிய வீட்டிலிருந்து வருகிற பேச்சில் பாதியை நம்பலாம். எந்தப் பாதி என்பதுதான் போய்ப் பார்க்கிற வரைக்கும் தெரியாது. ஆனாலும் போனான். போகாமல் என்ன செய்வான்? புதுவயல் பந்தயத்தில் வலது தோள் கழன்று, சரியாகக் கூடாமல், கம்பு சுற்றுகிற பிழைப்பு அதோடு போயிற்று. ஏர் பிடித்தாலும் தோள் இழுத்தது. இனி இந்த உடம்பை வைத்துச் சம்பாதிக்க முடியாது, அடுத்தவன் உடம்பை வைத்துத்தான் சம்பாதிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

செட்டியார் பர்மாவில் மோல்மேன் பட்டணத்தில் கொடுக்கல் வாங்கல் பண்ணியவர். கைப்பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தே பாதி ஆயுசு கழிந்துவிட்டது. இடுப்புக்கு மேலே நெல் மூட்டை, இடுப்புக்குக் கீழே அகத்திக் குச்சி. அப்படி இருந்தார்.

"நீதான் சிலம்ப வாத்தியாரா?"

"ஆமாங்க."

"தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி எடுக்கணும். நடந்து போகணும். போன வருசமும் எடுத்தேன். நத்தம் தாண்டல. மாட்டு வண்டியில போட்டுக் கொண்டாந்துட்டாக. பங்காளி வீட்டுப் பயலுக இன்னும் சிரிப்பை நிறுத்தல." கொஞ்ச நேரம் வீரணனின் தோளையே பார்த்தார். "இந்தத் தடவையும் நான் வண்டியில வந்தேன்னா, என் பேரு கெட்டது கெட்டதுதான். ஆனா நீ இந்தச் சீமையில ஒருத்தனுக்கும் வாத்தியாரா இருக்க முடியாது. அதைப் பாத்துக்க."

மகனுக்காக நேர்ந்த காவடி அது. மோல்மேனில் கப்பலுக்குப் போகும்போது படகு கவிழ்ந்து, ஆற்றோடு போன பையன் கரையொதுங்கிக் கிடந்ததைக் கண்டு எடுத்திருக்கிறார்கள். செத்தவன் பிழைத்த கதை. இங்கே செய்தி வந்த அன்றைக்கே செட்டியாரின் மனைவி தேனம்மை ஆச்சி மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டார். சுமக்க வேண்டியது செட்டியார்.

வீரணன் தனக்குத் தெரிந்த வழியில் தொடங்கினான். விடிவதற்கு முன்னால் வளவில், வானம் தெரிகிற அந்த முற்றத்தில், தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை. கம்புக்காரனை உருவாக்குகிற வித்தை அது. வலி வந்தால் வலு வருகிறது என்று அர்த்தம். அவனுடைய வாத்தியார் அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார், அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். செட்டியாரும் ஒரு வார்த்தை பேசாமல் செய்தார். செய்துகொண்டிருந்தவர் ஒரு நாள் பஸ்கியில் உட்கார்ந்தபடியே பக்கவாட்டில் சாய்ந்து, குடித்த கஞ்சியை எல்லாம் கக்கிவிட்டார்.

ஆச்சி ஓடி வந்தார். "சண்டைக்கா அனுப்புறோம் வீரணா? சாமிக்குத்தானே அனுப்புறோம்? இவுக எந்தக் கோதாவுல எறங்கப் போறாக?"

சுருக்கென்று இருந்தது. உண்மைதானே. நடக்கப் போகிறவருக்கு எதற்குக் கர்லாக்கட்டை? தன் உடம்பு வளர்ந்த வழியிலேயே எல்லா உடம்பும் வளரும் என்று நினைத்துவிட்டான். கட்டையைச் சுவரில் சாய்த்தான். அன்றிலிருந்து ஒரு மூங்கில் கம்பில் இரண்டு பக்கமும் தண்ணீர்ச் செம்பைக் கட்டிச் செட்டியார் தோளில் வைத்து, கண்மாய்க் கரையில் நடக்கவிட்டான். பின்னாலேயே நடந்து பார்த்தான். எந்தத் தோள் முதலில் தொய்கிறது, எந்தக் கால் இழுத்து வருகிறது, மேட்டில் ஏறும்போது மூச்சு எங்கே முட்டுகிறது. கழுத்துப் பட்டையில் தழும்பு விழாமல் துணி மடிக்கக் கற்றுக் கொடுத்தான். கூடவே தானும் கற்றுக்கொண்டான் என்பதுதான் நிஜம்.

முகத்தைப் பார்த்து மட்டும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. வட்டிக்கடை முகம் அது. கடை மூழ்கிவிட்டது என்று தந்தி வந்தாலும், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே படித்து மடித்து வைக்கிற முகம். "களைப்பா இருக்கா?" என்று கேட்டால், "இல்லை." மூச்சு வாங்குகிறதா என்று கேட்டால் அதற்கும், "இல்லை." கடன் கேட்டு வந்தவனிடம் கையிருப்பைச் சொல்வாரா அவர்?

அதனால் வீரணன் அவரைப் பேச வைத்தான்.

"பேசிக்கிட்டே வாங்க செட்டியாரே."

"என்னத்தடா பேச?"

"மோல்மேன்ல மழை எப்படி, நெல்லு எப்படி, எதாச்சும்."

"தெரிஞ்சு நீ என்ன, அங்க போய் மில்லு வைக்கப் போறியா?"

"வைக்கலாம்ல. உங்களுக்கே கடன் குடுப்பேன்ல."

செட்டியார் சிரித்துவிட்டுப் பேசுவார். பேச்சு தடங்கலில்லாமல் வந்தால் நடை சரி. வாக்கியம் நடுவில் அறுந்து மூச்சுக்கு நின்றால், உடனே வீரணன் கம்பை இறக்கி உட்கார வைப்பான். வாய் பொய் சொன்னாலும் மூச்சு சொல்லாது. இதைக் கண்டுபிடித்த பெருமை அவனுக்குத் தாங்கவில்லை.

பெருமைதான் அவனைக் கவிழ்த்தது.

கார்த்திகைத் தூறல் விட்டிருந்த ஒரு காலை. கரை முழுக்கக் கருவேல முள் அடித்து வந்து கிடந்தது. செட்டியார் காவடி நேர்ந்தவர், செருப்புப் போடாமல்தான் நடப்பார். வழக்கம்போல் நெல்லு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே முன்னால் போனார். வீரணன் குனிந்து பார்த்தால், இடது குதிகாலில் ஒரு முள் ஏறி நிற்கிறது. அவர் அதையும் சேர்த்து மிதித்துக்கொண்டு நடக்கிறார். பேச்சு அறவில்லை. முகம் சுளிக்கவில்லை.

"நில்லுங்க! முள்ளு!"

"எங்க?" என்று நின்றார். வீரணன் பிடுங்கிக் காட்டினான். சுண்டுவிரல் நீளம். செட்டியார் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு எறிந்தார். "இதுக்கா இந்தக் கத்து கத்துன?"

வீரணன் மலைத்துப் போனான். ஒரு மாதத்தில் இப்படிப்பட்ட காலையா உருவாக்கியிருக்கிறோம்? காரைக்குடிச் சந்தையில் நின்று சொன்னான். "எங்க செட்டியார் காலு லாடம் அடிச்ச காலு. கருவமுள்ளு ஏறினா முள்ளுக்குத்தான் வலிக்கும்." சந்தை சிரித்தது. பேச்சு கோட்டையூர் வரைக்கும் போய்ச் செட்டியார் காதில் விழுந்து, அவரும் குளிர்ந்து போனார். மறுநாளிலிருந்து கரை வேண்டாம், சரளைப் பாதையிலேயே நடக்கலாம் என்றார். வீரணனும் சரி என்றான். ஆச்சி நெய்யும் கருப்பட்டியுமாகக் கிண்டிய கும்மாயத்தைக் கிண்ணம் கிண்ணமாகத் தின்றார் செட்டியார். "நடக்குற உடம்புக்கு வேணும், தின்னுங்க" என்று அதற்கும் வீரணன் தலையாட்டினான்.

வீட்டு வேலை பார்க்கிற மலையம்மாள்தான் ஒருநாள் காலை அவனைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"வாத்தியாரே, நீக எதையாச்சும் மிதிச்சிட்டு வந்தீகளா?"

"இல்லையே. ஏன்?"

அவள் தரையைக் காட்டினாள். கண்ணாடி மாதிரித் தேய்த்த தரையில், செட்டியார் உட்காருகிற பட்டாலையிலிருந்து சாமி வீடு வரைக்கும் வரிசையாகக் கறை. மஞ்சளும் சிவப்புமாக. எல்லாம் இடது கால். குனிந்து முகர்ந்தான். முகர்ந்திருக்க வேண்டாம்.

"நேத்துத் துடைச்சேன், இன்னைக்கும் இருக்கு," என்றாள் மலையம்மாள். "எங்க கொழுந்தனுக்கு இப்படித்தான் ஆச்சு. ஒண்ணுக்குப் போன இடத்துல எறும்பா மொய்க்கும். வைத்தியரு மதுமேகம், நீரிழிவுன்னாரு. முதல்ல காலு செத்துச்சு, பொறகு ஆளு செத்தாரு. இங்கயும் கொல்லையில எறும்புதான். நான் சொன்னா யாரு கேக்குறா?"

வீரணன் அந்தத் தடங்களை மறுபடி பார்த்தான். முள் ஏறியும் வலிக்காத கால் பலமான கால் இல்லை. அது உணர்ச்சி செத்த கால். அதைத்தான் சந்தையில் நின்று பீற்றியிருக்கிறான். அந்தக் காலைத்தான் சரளையில் நடக்கவிட்டிருக்கிறான்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பூசம் வரைக்கும் சோறும் சம்பளமும் நிச்சயம். வழியில் கால் அழுகினால் சாமி குற்றம் என்று போய்விடும். ஒரு பொழுது அப்படியும் நினைத்துப் பார்த்தான். பிறகு செட்டியாரிடமே போய்க் கேட்டான்.

"இடது காலு எப்படி இருக்கு செட்டியாரே?"

"லேசா உறுத்துது. அவ்வளவுதான்."

"உணர்ச்சி இருக்கா?"

"என்னடா கேள்வி இது? கால்ல உணர்ச்சி இல்லாமலா நடக்கிறேன்?"

"அப்பக் கண்ணை மூடிக்கிட்டு உக்காருங்க. நான் முள்ளை வைக்கிறேன். எந்தக் காலுன்னு சொல்லுங்க. போதும்."

பாலோடு வந்த ஆச்சி தூணருகில் நின்றுவிட்டார். ஆச்சி பார்த்துக்கொண்டிருந்ததால்தானோ என்னவோ, செட்டியார் மறுக்கவில்லை. காலை நீட்டிக் கண்ணை மூடினார்.

வீரணன் வலது உள்ளங்காலில் முள்ளை வைத்து அழுத்தினான்.

"வலது," என்றார் உடனே.

இடதில் வைத்தான். "இடது."

வீரணனுக்குக் குழப்பமாகிவிட்டது. அப்போதுதான் கவனித்தான். கண் மூடியிருந்தாலும் காது திறந்துதான் இருக்கிறது. தான் எந்தப் பக்கம் நகர்கிறான், வேட்டி எந்தப் பக்கம் உரசுகிறது என்று மனிதர் கேட்டுக் கேட்டுச் சொல்கிறார். வந்தவனின் செருப்புச் சத்தத்தை வைத்தே அவன் வட்டி கட்ட வந்தானா, வாய்தா கேட்க வந்தானா என்று சொல்கிற ஆள். இதெல்லாம் ஒரு பெரிய காரியமா?

வீரணன் மறுபடி இடது பக்கம் நகர்ந்தான். வேட்டி சரசரக்கக் குனிந்தான். முள்ளைக் காலில் வைக்கவேயில்லை. கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு இருந்தான்.

"இடது," என்றார் செட்டியார். "பெருவிரலுக்குக் கீழ. மெதுவாக் குத்துடா, ரத்தம் வந்துரப் போகுது."

ஆச்சி பாலைத் தரையில் வைத்தார்.

"அவன் குத்தவே இல்லைங்க," என்றார் ஆச்சி.

செட்டியார் கண்ணைத் திறந்தார். அந்தரத்தில் நின்ற கையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அந்த முகத்தில் முதன்முதலாக ஏதோ ஒன்று ஓடி மறைந்தது. பயம் என்றுதான் வீரணனுக்குப் பட்டது.

"என் வீட்டுல உக்காந்து எனக்கே பரீட்சை வைக்கிறியா?" குரல் உயரவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. "எல்லாம் எனக்குத் தெரியும்டா. மோல்மேன்லயே டாக்டரு சொல்லிட்டாரு. தெரிஞ்சுதான் நடக்கிறேன். நேர்ந்தது என் மகனுக்கு. உன் வேலை என்னை நடக்க வைக்கிறது. நிறுத்துறது இல்ல."

"நிறுத்தவும் தெரிஞ்சாத்தானே செட்டியாரே நடக்க வைக்கிறது?"

"வெளிய போ."

போனான். ஊர் வாய் சும்மா இருக்குமா? வாத்தியாரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள் என்று புதுவயல் வரைக்கும் பேச்சு. நெல் அரைக்கிற மில்லில் மூட்டை தூக்கப் போனான், இடது தோளில். தூக்குகிறவர்கள் கேலி செய்தார்கள். "லாடக்கால் செட்டியார் எப்படி இருக்காக வாத்தியாரே?" அடுத்த மூட்டைக்குக் குனிந்தான். அவர்கள் கேட்டதில் தப்பு இல்லை, அது அவன் விதைத்த பேச்சு.

பொங்கல் கழிந்து மலையம்மாள் மில் வாசலில் வந்து நின்றாள். ஆச்சி குன்றக்குடிக்கு வரச் சொன்னார் என்றாள்.

குன்றக்குடியில் காவடிகள் கூடியிருந்தன. வரிசையாக மயில் பீலி, சர்க்கரைக் காவடி, வேல்களில் பட்டுத் தெறிக்கிற வெயில். ஆச்சி மண்டபத்து ஓரமாக நின்று பேசினார்.

"வைத்தியர் பாத்தாரு. புண்ணு மேல தோலு மூடிருச்சு. உள்ள என்னன்னு தெரியாதுங்கறாரு. காவடியை நிறுத்துங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை வீரணா, பிள்ளைக்கு நேர்ந்தது. காலு போனாலும் போகட்டும்னு சொல்லவும் வாய் வரலை. நீ கூடப் போ."

"அவுக சம்மதிக்கணும்ல ஆச்சி."

செட்டியார் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். மஞ்சள் வேட்டி, கழுத்தில் உருத்திராட்சம். மெலிந்திருந்தார்.

"என்ன கேக்குற?" என்றார். பேரம் பேசுகிற தோரணைதான்.

"தங்குற எடத்துல எல்லாம் காலை என் மடியில வைக்கணும். நான் பாப்பேன். நான் நில்லுன்னா நிக்கணும்."

"ராத்திரி, ஆளில்லாத நேரத்துல பாத்துக்க."

"இல்ல செட்டியாரே. பகல் வெளிச்சத்துல. எல்லாரும் இருக்கும்போது."

"பங்காளிக முன்னாலயா?"

"தனியா இருந்தா நீக என்னைய ஏச்சுப்புடுவீக."

மேளம் தொடங்கியது. "அரோகரா" என்று கூட்டம் எழுந்தது. அவர் காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, சரி என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் நடந்தார். வீரணன் பின்னாலேயே போனான்.

அவர் முதுகைப் பார்க்கவில்லை அவன். தடத்தைப் பார்த்தான். புழுதியில் எத்தனையோ கால் தடங்களுக்கு நடுவே அந்த ஒரு இடது காலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே நடப்பது கண்ணைப் பிடுங்குகிற வேலை. அன்றைக்குத் தடம் சுத்தமாக இருந்தது. தங்கிய இடத்தில் காலை மடியில் வாங்கினான். செட்டியார் கொடுத்தார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. ஒன்றும் இல்லை. மறுநாளும் இல்லை.

சிங்கம்புணரி தாண்டி ஒரு புளியந்தோப்பில் இளைப்பாற இறங்கினார்கள். காவடிகளை வரிசையாக இறக்கி வைத்துவிட்டு, எல்லாரும் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தோப்புக்குள் நுழைகிற இடத்தில் தடத்தின் குதிகால் பக்கம் புழுதி ஈரமாக ஒட்டியிருந்ததை வீரணன் பார்த்துவிட்டான். நேராகப் போய்க் காலடியில் உட்கார்ந்தான்.

"குடுங்க."

பெரிச்சியப்பன் என்று ஒரு பங்காளி. போன வருசம் வண்டி பிடித்து ஏற்றிவிட்டவர், சிரித்தவர்களில் முதல் ஆளும் அவர்தான். "என்ன அண்ணே, ஊருக்கு ஊரு காலுக்குச் சடங்கா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். "லாடம் தேஞ்சிருக்கான்னு பாக்குறான் போல."

செட்டியாரின் கால் பாதி தூரம் வந்து நின்றது. வீரணன் கையை எடுக்கவில்லை. கால் மெதுவாக மடிக்கு வந்தது.

குதிகாலில் பழைய தோல் மூடியிருந்த இடம் உப்பியிருந்தது. ஓரத்தில் கறுப்பு. புறங்கையை வைத்துப் பார்த்தான். வலது கால் தோப்பு நிழல் மாதிரிக் குளிர்ந்திருந்தது. இடது கால் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி. கணுக்காலுக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு ஏறத் தொடங்கியிருந்தது, மயிர் அளவுக்கு.

"நில்லுங்க செட்டியாரே."

"என்ன?"

"இனி ஒரு எட்டு வைக்கக் கூடாது. இப்பக் கீறி விட்டுட்டுக் காலை உசரத் தூக்கி வச்சுப் படுத்தா காலு நிக்கும். நடந்தா நத்தத்துல காலை வெட்டணும். அதையும் தாண்டினா வெட்டுறதுக்கு ஆளே இருக்க மாட்டீக."

சங்கு ஊதியது. காவடிகள் எழுந்தன. பெரிச்சியப்பன் தன் காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். சிரிப்பு இப்போது இல்லை, ஆனால் குரலில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. "வண்டி பாக்கச் சொல்லவா அண்ணே?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செட்டியாரின் கை தரையில் ஊன்றியது. எழுந்துவிடுவார் என்று வீரணன் நினைத்தான். எழுந்தால் அவனால் தடுக்க முடியாது. தோளும் இல்லை, அதிகாரமும் இல்லை. காலை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்குற மாதிரித்தாண்டா இருக்கு எனக்கு," என்றார் செட்டியார் தாழ்ந்த குரலில். அவனுக்கு மட்டும் கேட்கிற குரல். "நெசமாவே ஒண்ணும் தெரியலை."

"தெரியாது செட்டியாரே. அதுக்குத்தான் நான் வந்திருக்கேன்."

செட்டியார் பெரிச்சியப்பனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்:

"எனக்குக் கால்ல உணர்ச்சி இல்லை பெரிச்சி. வருசமாச்சு. நீங்க முன்னால போங்க. வண்டி வேண்டாம். காலு ஆறினதும் இதே எடத்துல இருந்து நடந்து வாரேன். பூசம் போனாப் போகுது, மலை எங்க போகப் போகுது?"

பெரிச்சியப்பன் காவடியைச் சரி செய்துகொண்டு போனார். ஒருவர் பின் ஒருவராகத் தோப்பை விட்டு இறங்கினார்கள். புழுதி அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரே ஒரு காவடி மட்டும் மரத்தில் சாய்ந்து நின்றது.

வீரணன் மூன்று கல் கூட்டி வெந்நீர் வைத்தான். வேப்பிலை உருவிப் போட்டான். மடக்குக் கத்தியை நெருப்பில் காட்டினான்.

"வலிக்குமாடா?"

"வலிக்காது."

செட்டியார் கத்தியைப் பார்த்தார். "வலிச்சா நல்லதுதான், இல்ல?"

"ஆமாங்க. வலிச்சா ரொம்ப நல்லது."

காலைத் தூக்கித் தன் முட்டி மேல் வைத்துக்கொண்டான். செட்டியார் சாய்ந்து படுக்கவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து, வயிறு தடுத்தபோதும் விடாமல், தன் உள்ளங்காலைப் பார்க்கக் கழுத்தை நீட்டினார்.

"எந்த எடம்? எனக்கும் காட்டு."

வீரணன் அவருடைய விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தான். சூடு விரலுக்குத் தெரிந்தது. செட்டியார் விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

"ம். கீறு," என்றார்.